சாமி இல்லாத குழல்

ஷாகுல் வில்லைக் கையில் எடுத்துவிட்டான். இனிக் கொஞ்ச நேரத்துக்கு யாரும் ரஷ்யாவைப் பார்க்க மாட்டார்கள். டெனர் சாக்ஸபோனைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டபடி அவள் மேடையின் ஓரமாக நிற்கலாம், சீவாளி போன்ற ரீடை நாக்கில் வைத்து ஈரப்படுத்திக்கொள்ளலாம், மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்கலாம். பார்த்துவிட்டாள். அப்பா அங்கேதான் இருந்தார், நடைவழி ஓரத்து நாற்காலியில், மடிப்புக் கலையாத கறுப்புச் சட்டையில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி அதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எதிரே பேசுகிறவன் எப்போது தப்பாக ஒன்று சொல்லுவான் என்று காத்திருக்கிறவரைப் போல. பக்கத்தில் தம்பி இங்கர்சால் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலைக் கச்சேரி. எழும்பூரின் பழைய அரங்கத்தில் முக்கால்வாசி நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாதிப் பேர் தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக வந்தவர்கள், இஸ்திரி வாசனை கலையாதவர்கள். ஷாகுல் ஆளுயர டபுள் பேஸின் அடித்தந்தியில் வில்லை இழுத்தான். அந்த ஒலி காதுக்கு வரும் முன்பே மேடைப் பலகை வழியாக அவள் உள்ளங்காலுக்கு வந்தது. நல்ல ஒலி. அவன் அவசரப்பட மாட்டான். இந்த ஒரு சுரத்தை அவன் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி, கூட்டத்தின் இருமலையெல்லாம் அடக்கிய பிறகு, அவள் மைக் முன்னால் போய் உருப்படியின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஜெரால்டு பியானோவில் முதல் கட்டைகளை அழுத்துவான், நவநீதன் சிம்பலில் குச்சியை மெல்ல உருட்டுவான், அவள் ஊதத் தொடங்குவாள். ஊதுவதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. காலையில் குளிக்கும்போதே தெரிந்துவிட்டது, இன்று மூச்சு அடிவயிற்றிலிருந்து கயிறு போல வருகிறது, உதடு சொன்ன இடத்தில் நிற்கிறது, நாற்பத்தெட்டு வயதில் இந்தக் குழலை அவளைப் போல ஊத இந்த ஊரில் இன்னொருத்தர் இல்லை, அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை அப்பா முன்னால் சொல்ல வேண்டும்.

நேற்று மத்தியானம் அவராகவே போன் செய்திருந்தார். தான் சென்னையில் இங்கர்சால் வீட்டுக்கு வந்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரெல்லாம் கோயிலுக்குப் போகிறது, தான் மகள் கச்சேரிக்கு வரலாம் என்று இருப்பதாகவும் சொன்னார். அவள் வாங்கப்பா என்றாள். பிறகு, அதையும் வாசிக்கிறியா என்று கேட்டார். அதை. அவர் வாயால் அந்தப் பெயர் வரவில்லை. வாசிக்கலாம்னு இருக்கோம்ப்பா என்றாள். சரி என்று வைத்துவிட்டார். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று இரவு முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனிதர் ஒரு நட்டை முடுக்கிவிட்டு அடுத்த நட்டுக்குப் போகும்போது சொல்கிற சரி. அவருக்குத் தகப்பன் வைத்த பெயர் வெங்கடாசலம். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமாளைக் கழற்றிப் போட்டுவிட்டு தனித்தமிழ்ப் பெயர் ஒன்றைப் போட்டுக்கொண்டார். மகளுக்கு ரஷ்யா, மகனுக்கு, அமெரிக்க நாத்திகப் பேச்சாளர் ஒருவரின் பெயரில், இங்கர்சால். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது ரஷ்யா என்று கூப்பிட, பின் பெஞ்சில் எவனாவது அமெரிக்கா என்று குரல் கொடுப்பான், வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். பெயரால் அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அப்பாவுக்குத் தப்பாகப் பெயர் வைக்கத் தெரியாது. அதுதான் இப்போது இடிக்கிறது: அவர் வைத்த பெயர்களை அவள் சுமந்தாள், அவள் வைத்த ஒரே ஒரு பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை. ஷாகுல் இன்னும் அதே சுரத்தில்தான் இருக்கிறான், வில்லின் நுனியிலிருந்து அடிவரைக்கும் போய்த் திரும்புகிறான், முன்வரிசையில் ஒரு அம்மாள் விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்குப் பாட்டு வரும் என்று தெரிந்தபோது பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், வீணை படிக்கட்டும், புல்லாங்குழல் படிக்கட்டும் என்று. அப்பா ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு வந்து அம்மாவிடம் கத்துவார். எதைத் தொட்டாலும் முதல்ல ஒரு சாமியைக் கும்பிடச் சொல்றான், வீணைக்கு ஒருத்தி, புல்லாங்குழலுக்கு ஒருத்தன், மிருதங்கத்துக்கு ஒரு மாடு. கடைசியில் உறையூரில் கலைந்துபோன ஒரு கல்யாண பேண்டு செட்டிடமிருந்து இந்தச் சாக்ஸபோனை வாங்கிக்கொண்டு வந்தார். தினத்தாளை விரித்து அதன்மேல் அதைக் கிடத்தி, சாவிகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, இவ்வளவு நேர்த்தியா ஒரு சாமான் செஞ்சிருக்கான் பாரு என்று நெம்புகோல் ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பெல்ஜியத்துக்காரன் ஒருத்தன் கண்டுபிடிச்சது, பட்டறையில செஞ்சது, இதுக்குச் சாமி கிடையாது பாப்பா, நீ தைரியமா ஊது. அன்றைக்கு வந்த முதல் சத்தம் எருமைக் கன்று கத்துவது போல இருந்தது. அப்பா கை தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் தட்டியாயிற்று, ஒன்றிலும் அந்தக் கணக்கு தீரவில்லை. தொழிற்சங்க ஆபீஸின் பின்னறையில் அவள் சாதகம் செய்வாள். வெளியே போனஸ் பற்றி வாக்குவாதம் நடக்கும், உள்ளே அவள் நீள நீளமாகச் சுரங்களை இழுப்பாள், யாராவது சத்தமாக இருக்கிறது என்றால் அப்பா, அந்தப் புள்ள சத்தத்துல ஒரு பொய்யும் இல்ல, உங்க சத்தத்தைக் குறைங்க என்பார். பொய். அந்தச் சொல்லில் போய் மனம் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு அவள் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும். ஆகும். அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார், ஆகும் என்று.

சென்னைக்குப் படிக்க வந்த இடத்தில், விடுதியில் ஒரு பெண் வைத்திருந்த கேசட்டில்தான் அவள் அதைக் கேட்டாள். அமெரிக்கக் கறுப்பர்கள் அறுபதுகளில் வாசித்த ஜாஸ். முதலில் பக்கத்து அறையில் யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரே சுரத்தின்மேல் நெடுநேரம் நின்று, அதையே கேட்டுக் கேட்டு, தட்டித் தட்டி, ஒரு கட்டத்தில் குழல் உடைந்து குரலாகிவிடுகிற வாசிப்பு. அவர்கள் அதைத் தொழுகை என்றே சொன்னார்கள். கடவுளை நோக்கி ஊதினார்கள். அவள் கடவுளைத் தள்ளிவிட்டு ஊதலை எடுத்துக்கொண்டாள், மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுவது போல, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் ரொம்ப காலம். அப்பாவிடமும் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அடிமையா இருந்தவங்க, அவங்க தட்ட வேற கதவு எதுவும் தொறக்கல, அதனால அந்தக் கதவைத் தட்டுனாங்க, அதுல தப்பில்ல என்றார். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உனக்கு என்ன குறைச்சல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது. அப்புறம் இந்த நாலு பேர் சேர்ந்தார்கள். ஷாகுலும் நவநீதனும் சினிமாப் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர்கள். ஜெரால்டு குமரிக் கடற்கரைக்காரன், வேப்பேரியில் ஒரு மாதா கோவிலில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவன், இன்றைக்கும் முதல் பூசையில் வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அவன் விசுவாசியாக இருப்பது அவளுக்கோ அவள் இல்லாமல் இருப்பது அவனுக்கோ ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. பாட்டில் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள், அது போதும். போதும் என்றுதான் இருந்தது, அந்த டிசம்பர் வரைக்கும்.

அந்த டிசம்பரில் புயல் சொல்லாமல் வந்தது. ஜெரால்டின் அண்ணன் மரியதாசன் போன விசைப்படகு திரும்பவில்லை. ஜெரால்டு தனியாகப் போகக் கூடாது என்று ரஷ்யாவும் கூடப் போனாள், ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவள், வர முடியவில்லை. கரையெல்லாம் ஆட்கள். யாரும் கத்தவில்லை. பெண்கள் மணலில் முக்காட்டோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு அலையையும் விட்டுவிடக் கூடாது என்பது போல. சாயங்காலமானால் பாதிரியார் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரே சுருதியில் மறுமொழி சொல்லும், நாலே நாலு சுரம், மேலே போய் ஒரு படி இறங்கி நிற்கும், முடிந்த மாதிரியும் இருக்கும், முடியாத மாதிரியும் இருக்கும். மரியதாசன் என்று வந்தபோது ஜெரால்டுக்குக் குரல் எழவில்லை. அப்போது யார் குரலோ அவள் காதுக்குள்ளேயே கேட்டது. அவள் வாய்தான். அவளுடைய உதடுகள், சாமி இல்லாத குழலை ஊதிப் பழகிய உதடுகள், அந்த நாலு சுரத்தையும் சுருதி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நம்பித்தான் சொன்னாளா என்றால் இல்லை. சும்மா சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விசுவாசியா என்று அவர் கேட்கவில்லை. மரியதாசன் வரவேயில்லை. பல மாதங்கள் கழித்து ஒருநாள் ஒத்திகையில் ஜெரால்டு தன்னை அறியாமல் அந்த நாலு சுரத்தை அழுத்தினான். அவள் குழலை எடுத்து ஒரு பெயரைப் போல ஒரு அடி ஊதினாள், மற்ற மூன்று பேரும் மறுமொழி போல இறங்கி நின்றார்கள். அப்படியே உருப்படி முளைத்துவிட்டது. மன்றாட்டு என்று அவள்தான் பெயர் வைத்தாள். அவர்கள் கோவிலில் புழங்குகிற சொல். வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை, எத்தனையோ சொல்லிப் பார்த்தாள்.

முதலில் அதைத் திருச்சியில் வாசித்தார்கள். அவள் பெயரைச் சொல்லி விளக்கம் சொல்லி ஊதத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி சிமெண்டுத் தரையில் கிரீச்சென்று இழுபட்டது. அப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டார். அவள் விரல்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன, ஆனால் அன்று பாதியில் உருப்படியைச் சுருட்டிவிட்டாள், உயரத்துக்குப் போகவே இல்லை. வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தட்டில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மன்றாடறதுன்னா எதிர்ல ஒருத்தன் இருக்கணும்ல பாப்பா. யார்கிட்ட?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அவர் எல்லாம் விசாரித்திருக்கிறார், எந்த ஊர்க் கச்சேரி, எந்த ரயில், குழலுக்கு எண்ணெய் போட்டாயா. அந்த உருப்படியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அவளோ மனத்துக்குள் அவரிடம் ஆயிரம் தடவை பதில் சொல்லிவிட்டாள். கடலிடம். செத்தவர்களிடம். கேட்கிறவர்களிடம். என்னிடமே. ஒவ்வொன்றும் சொல்லும்போது அழகாக இருக்கும், மறுநாள் காலையில் பல் விளக்கும்போது பார்த்தால் ஓட்டை தெரியும். அகராதியைப் புரட்டியதில், மன்றாடுவது என்றால் மன்றத்தில் நின்று வழக்காடுவது என்று பழைய பொருள் ஒன்று கிடைத்தது, ஊர் கூடிய இடத்தில் நியாயம் கேட்பது, சாமி பூதம் எதுவும் வேண்டியதில்லை. துள்ளிக் குதித்தாள், போனைக்கூடக் கையில் எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். அது வக்கீல் புத்தி. அந்தக் கரையில் யாரும் வழக்காடவில்லை. இன்று காலை மேடையில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெரால்டிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள், அப்பா வருகிறார், பெயரைச் சொல்லாமல் நேராக வாசித்துவிடலாமா என்று. ஜெரால்டு பியானோ ஸ்டூலை முன்னால் இழுத்தான், பின்னால் தள்ளினான், திரும்ப முன்னால் இழுத்தான். ஒனக்க இஷ்டம், வேண்டாம்னா சொல்லாண்டாம் என்றான். பிறகு கட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“போனவங்களுக்கெல்லாம் பேரு உண்டும் ரஷ்யா.”

அவ்வளவுதான். இதோ இப்போதும் அவன் அவளைப் பார்க்கவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஷாகுலின் வில்லையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் காதோரம் நரைத்திருக்கிறது, எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. அவள் ரீடைக் கட்டுகிற வளையத்தைச் சும்மா ஒரு தடவை தளர்த்தி முடுக்கினாள். பயம் என்றால் இதுதான், உள்ளங்கையில் ஈரம், வேறொன்றும் இல்லை, இந்த ஈரத்தோடு அவள் எத்தனை மேடை ஏறியிருக்கிறாள். அப்பா எழுந்து போனால் போகட்டும். அவர் எழுந்து போவது அவருடைய யோக்கியம், பிடிக்காததைக் கேட்டுக்கொண்டு பல்லிளிக்கிற ஆள் இல்லை. அவள் பெயரைச் சொல்வது அவளுடைய யோக்கியம், அதையும் அவரிடமிருந்துதானே எடுத்தாள். அன்று அவர் போனது அவளுக்குக் காயம் இல்லை. அவர் போனதும் அவள் பாதியில் விட்டாளே, அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நடுவழியில் விட்டுவிட்டு வந்தது போல. ஷாகுல் சுரத்தை ஒரு படி கீழே இறக்கினான். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் மைக்குக்கு நடந்தாள், நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

“இந்த உருப்படிக்குப் பேரு மன்றாட்டு. கடலுக்குப் போய்த் திரும்பி வராத மரியதாசனுக்கும் அவர்கூடப் போனவங்களுக்கும்.”

அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஜெரால்டு கட்டைகளில் விரலை இறக்கினான், வழக்கத்தைவிட மெதுவாக, வீட்டுக்குள் வருகிறவனைப் போல. அவள் முதல் பெயரை ஊதினாள். குழலின் அடியிலிருந்து, கரகரவென்று, காற்றும் சத்தமும் கலந்து. மறுமொழி வந்தது. இரண்டாவது பெயர். மறுமொழி. நவநீதன் சிம்பலை அலை ஒதுங்குவது போல உரசிக்கொண்டிருந்தான். ஐந்தோ ஆறோ ஊதியிருப்பாள், அப்போது அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். தரைவிரிப்பு போட்ட அரங்கம், ஒரு சத்தமும் இல்லை, எழுந்தது மட்டும் தெரிந்தது. இங்கர்சாலும் கூட எழப் பார்த்தான். அவர் அவன் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுத் திரும்பி, நடைவழியில் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனார். முதுகு கூனியிருந்தது. கதவு திறந்து ஒரு துண்டு வெயில் உள்ளே விழுந்து மூடிக்கொண்டது. போய்விட்டார். சரி. அவளுக்குள்ளே ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது, விழுந்த இடத்தில் தரை இருந்தது. நிற்கலாம், அதன்மேல் நிற்கலாம். இடுப்பை நிமிர்த்தினாள். சுருட்டிக்கொள்ளத் தோன்றவே இல்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூச்சை முழுக்க இழுத்து அடுத்த பெயரை மேலே கொண்டுபோனாள், அதற்கடுத்ததை இன்னும் மேலே, திருச்சியில் போகாத உயரத்துக்கு, குழல் சுரத்தை விட்டுவிட்டுக் கத்துகிற இடத்துக்கு. அங்கே விரல்களுக்கு வேலை இல்லை, தொண்டையும் வயிறும்தான். யார்கிட்ட யார்கிட்ட என்று அந்தக் கேள்வியும் கூடவே ஏறி வந்தது, அதையும் ஊதினாள், கேள்வி கேள்வியாகவே ஊதப்பட்டது, பதிலைத் தேடுகிற நச்சரிப்பு கழன்றுபோய்விட்டது. நவநீதன் எழுந்து நின்றே அடித்துக்கொண்டிருந்தான். ஜெரால்டு அழுதுகொண்டு வாசித்தான், ஒரு கட்டைகூடப் பிசகவில்லை. இப்படி வாசித்ததில்லை நாங்கள் என்று ஒரு கணம் தெளிவாக நினைத்தாள், உடனே அதை மறந்தாள். மரியதாசன் என்று அவள் மட்டும் வைத்திருந்த ஒரு அடி உண்டு, நீளமான அடி, அதை ஊதி, மறுமொழிக்காக வாயை எடுத்தபோது கதவில் மறுபடி வெயில் விழுந்தது. அப்பா. ஒரு கையில் தடி, மறு கையில் இருந்த துண்டால் ஈர முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக நாற்காலி முதுகைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, தன் இடத்தில் மெல்ல உட்கார்ந்தார். தடியை ஊன்றிக்கொண்டு மேடையைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயில் குழல் இல்லாதது நல்லதாயிற்று. கீழ்ச்சுருதியில் மற்ற மூன்று பேரும் நாலு சுரத்தை இறக்கி நிறுத்தினார்கள். அவள் அடுத்த பெயரை எடுத்தாள். இன்னும் நிறையப் பெயர்கள் இருந்தன.

இடைவேளையில் அவள் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை கொடுக்க வந்தவர்களைத் தாண்டி மூன்றாவது வரிசைக்குப் போனாள். இங்கர்சால் காப்பி வாங்கப் போயிருந்தான். அப்பா எழுந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார், உட்கார்ந்தாள். முதலில் கழிப்பறையைப் பற்றித்தான் சொன்னார், ஒரு கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், வயசானவன் எப்படிப் போய் வருவான், மாத்திரை போட்டால் அடக்க முடியவில்லை என்று. பிறகு அங்கே கதவைச் சாத்தியும் நீ ஊதினது கேட்டது என்றார். அவர் தடியின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றப் போகிறார் என்றுதான் நினைத்தாள்.

“யார்கிட்டன்னு அன்னிக்குக் கேட்டேன். நீ இன்னும் சொல்லல.”

“தெரியாதுப்பா.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் சேர்த்து வைத்திருந்த அழகான பதில்களில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் அதைத் தினத்தாளில் கிடத்தி ஆணி ஆணியாகக் கழற்றியிருப்பார். இதில் கழற்ற ஒன்றும் இல்லை.

“தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றதுல தப்பில்ல” என்றார். “தெரியும்னு சொல்றவன்கிட்டத்தான் எனக்குச் சண்டை.”

இங்கர்சால் காப்பியோடு வந்தான். மேடையில் ஷாகுல் தந்திகளை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான், மணி அடித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போவோமாப்பா, களைப்பா இருக்கா என்று இங்கர்சால் கேட்க, அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, மீதியையும் கேட்டுட்டுப் போவோம், இப்ப என்ன அவசரம் என்றார். ரஷ்யா எழுந்து மேடைக்குப் போனாள்.